ஒரு பள்ளியிலிருந்து ஐந்து பள்ளிகளுக்கு: மாணவிகளின் தலைமைத்துவ வழிகாட்டித் திட்டத்தை எப்படி வளர்ப்பது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 (16 வயது) மாணவிகள் 12 பேரோடு தொடங்கிய தலைமைத்துவ வழிகாட்டித் திட்டம் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறது. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று அக்கம்பக்கத்தில் ஐந்து பள்ளிகள் எங்களுக்கும் வேண்டும் என்கின்றன. ஒரு கொடையாளர் பணம் தரத் தயார், ஆனால் ஓராண்டில் 300 மாணவிகளாவது சேர வேண்டும் என்கிறார். என்ன செய்வது? இதுதான் அந்த ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி. பினாங்கில் இதே மாதிரி வேலையில் நான் பல காலமாக இருக்கிறேன், தீவுப் பக்கமும் பெருநிலப் பக்கமும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டீச்சர், முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பள்ளிக்கும் ஒரே ஆண்டில் போகாதீர்கள். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. உங்கள் முதல் 12 பிள்ளைகளும் இப்போது படிவம் 5, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு வழிகாட்டி அக்காவாகத் திரும்பி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை பள்ளி என்று முடிவு செய்ய வேண்டும். பணம் எவ்வளவு வருகிறது, எத்தனை முதல்வர்கள் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் திட்டம் யாருக்காக என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பல பள்ளிகள் சின்னவை. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சபை கூடலில் உறுதிமொழி சொல்வது, கதை சொல்லும் போட்டி, திருமுறைப் போட்டி, விளையாட்டுப் போட்டியில் அணிக்கொடி பிடிப்பது என்று எதை எடுத்தாலும் பெண் பிள்ளைகள்தான் முன்னால் நிற்பார்கள். அதே பிள்ளை 12, 13 வயதில் படிவம் 1க்கோ, அதற்கு முன் மலாய் மொழிக்காக ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்புக்கோ போகிறாள். ஆயிரத்துக்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளி, பாடமெல்லாம் மலாயில், வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். முதல் மாதம் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறாள், உச்சரிப்பைக் கேட்டு யாரோ சிரிக்கிறார்கள், அதோடு வாயை மூடிக்கொள்கிறாள். படிவம் 3 வரும்போது ஆசிரியர்கள் அவளைக் கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை என்று எழுதிவிடுகிறார்கள். மாணவர் தலைவர் பொறுப்புக்குப் பெயர் கேட்கும்போது இவள் பெயர் யார் நினைவுக்கும் வருவதில்லை. ஆறாம் ஆண்டில் பள்ளியையே நடத்திய பிள்ளை அவள்!

இந்த மௌனம் ஒரே நாளில் உடைகிற விஷயம் இல்லை. நம் சமுதாயத்தில் தன்முனைப்புப் பயிலரங்குக்குக் குறையே இல்லை, மண்டபம் எடுத்து, ஒருவர் மேடையில் பேசி, பிள்ளைகள் அழுது, அம்மா அப்பாவுக்குக் கடிதம் எழுதி, சான்றிதழும் நாசி லெமாக்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நடத்துபவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்துகிறார்கள், அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஒரு தெம்பு வருகிறது. ஆனால் திங்கட்கிழமை காலையில் அதே வகுப்பு, அதே நாற்காலி, பக்கத்தில் யாரும் இல்லை. 300 என்ற எண்ணை எட்ட ஓடினால் உங்கள் திட்டமும் அந்த மண்டபத்தில்தான் போய் நிற்கும், வேறு வழியே கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள் என்றால் 300 பிள்ளைகளுக்கு 100 அக்காக்கள் வேண்டும். பிறையிலும் பட்டர்வொர்த்திலும் மாதம் இருமுறை தவறாமல் வருகிற 100 பெண்களை ஓராண்டில் யாராலும் திரட்ட முடியாது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்று மிகப் பழைய வழிகாட்டி அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் சேர விண்ணப்பித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட இளையோரின் விவரங்களை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ ஒரே வழிகாட்டியோடு இருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் உறவு அறுந்துபோன பிள்ளைகளுக்கோ தன்மதிப்பும் படிப்பில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் குறைந்தே போயிருந்தன. இதைப் படித்ததிலிருந்து புதுப் பள்ளி எடுப்பதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன். ஏற்கெனவே பலரும் கைவிட்ட பிள்ளையிடம் ஓர் அக்காவைக் காட்டி, மூன்றாம் மாதம் அந்த அக்காவும் காணாமல் போனால், நாம் போகாமலே இருந்திருக்கலாம்.

சரி, அப்படியானால் எப்படித்தான் வளர்வது? பிள்ளைகள் மூலமாகத்தான். நம் ஊர்ப் படிப்பு அமைப்பே இதற்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது, பெரும்பாலான திட்டங்கள் அதைக் கவனிப்பதில்லை. எஸ்.பி.எம். எழுதி முடித்ததிலிருந்து முடிவு வந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான படிவம் 6ஓ மெட்ரிகுலேஷனோ, இல்லை பாலிடெக்னிக்கோ இடம் கிடைக்கும் வரைக்கும் சில மாதங்கள் சும்மா இருக்கின்றன. பிள்ளைகள் மாலில், துணிக்கடையில் என்று பகுதிநேர வேலைக்குப் போவார்கள், சம்பளத்தைப் பார்த்த பிறகு சிலர் அப்படியே படிப்பை விட்டுவிடுவதும் நடக்கிறது. அந்த மாதங்களில்தான் அவர்களைப் பிடிக்க வேண்டும். தேர்வு முடிந்த வாரமே கூப்பிட்டு, அடுத்த படிவம் 4 பிள்ளைகள் மூன்று பேரின் பெயரைக் கையில் கொடுத்து, இவர்கள் உன் பொறுப்பு என்று சொல்லுங்கள். அந்த மூன்று பேருக்கும் செய்வதைவிட அதிகமாக அது அவளுக்கே செய்யும். அந்த மாதங்களில் முடிவுக்காகக் காத்திருந்து மனம் சோர்ந்துபோகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கையில் மூன்று தங்கைகள் இருந்தால் அந்தச் சோர்வு வருவதில்லை.

அதன் பிறகு யார் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். படிவம் 6 எடுக்கிறவள் ஒன்றரை ஆண்டு உள்ளூரிலேயே இருப்பாள், அவள்தான் உங்களுக்கு முதல் முத்து. பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாலா பத்தாஸில்தான் இருக்கிறது, பாலிடெக்னிக் பெர்மாத்தாங் பாவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் குளுகோரில். ஆகவே எல்லாருமே தொலைந்துபோவதில்லை. வேறு மாநிலத்துக்குப் போகிறவளையும் விட்டுவிடாதீர்கள், வாரம் ஒரு தடவை அழைப்பில் பேசுகிற அக்காவாக அவள் தொடரலாம். ஆனால் நேரில் வருகிற அக்கா ஒருத்தி இல்லாமல் தொலைபேசி அக்காவை மட்டும் நம்பி ஒரு பள்ளியைத் தொடங்கக் கூடாது.

12 பேரில் நான்கைந்து பேர் திரும்பி வந்தாலே அது நல்ல அறுவடை. அந்த ஐந்து பேர் 15 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், அதில் ஏழு எட்டுப் பேர் அடுத்த சுற்றில் வருவார்கள். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு என்று போகும்போதுதான் எண்ணிக்கை தானாக விரியும், அதுவரைக்கும் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான் தெரியும். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலைக்குப் போகிற பெண்களையும் சேருங்கள், ஆனால் தேர்ந்தெடுப்பதில் ஒரு வேண்டுகோள். நாம் எப்போதும் டாக்டர், வக்கீல் என்று இரண்டே பேரைத்தான் கூப்பிடுகிறோம். அவர்கள் வரட்டும், ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக உயர்ந்த அக்காவும் வர வேண்டும். 1972இல் அந்த வட்டாரம் தடையற்ற வணிகப் பகுதியாக ஆனதிலிருந்து தோட்டத்தையும் கம்பத்தையும் (கிராமத்தையும்) விட்டு அங்கே வேலைக்குப் போன நம் பெண்கள் எத்தனை எத்தனை பேர், அந்தப் பிள்ளைகளின் பாட்டியும் அம்மாவும் பல வீடுகளில் அதே வழியில் வந்தவர்கள்தான். 12 மணி நேர ஷிஃப்டில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிற பெண்ணுக்குத் தெரியாத தலைமைத்துவமா? மருத்துவமனை மூத்த தாதி, வங்கிக் கிளை அதிகாரி, சொந்தமாகக் கேட்டரிங் நடத்துகிறவர், இவர்கள் பேசும்போது பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்து கேட்பதில்லை, முன்னால் நகர்ந்து வந்து கேட்கிறார்கள்.

பெண் ஒருத்தி பொறுப்பில் இருப்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு எவ்வளவு வலு என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, 2012இல் சயின்ஸ் இதழில் வந்தது. பிறகு நோபெல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ அதை எழுதியவர்களில் ஒருவர். மேற்கு வங்காளத்தில் 495 கிராமங்கள், அவற்றில் சில கிராமங்களில் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு தவணை பெண் தலைவர் இருந்த ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைக்கிற ஆசையில் இருந்த இடைவெளி 25 விழுக்காடு குறைந்திருந்தது, பிள்ளைகளின் சொந்த ஆசைகளில் 32 விழுக்காடு. பெண் பிள்ளைகளின் படிப்பு ஆண் பிள்ளைகளின் படிப்புக்குச் சமமாக வந்துவிட்டது, அவர்கள் வீட்டு வேலையில் செலவிடும் நேரமும் குறைந்தது. நான் இதில் பிடித்துக்கொள்வது பெற்றோரின் மனம் மாறியதைத்தான். பிள்ளையை மட்டும் மாற்றி வீட்டுக்கு அனுப்பினால் வீடு அவளைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்துவிடும்.

அதனால் அம்மாக்களோடு முதலில் பேசுங்கள். முதல் சந்திப்பே பிள்ளைகளோடு வேண்டாம், வீட்டாரோடு வையுங்கள், அதுவும் ஷிஃப்ட் மாறுகிற நேரம் பார்த்து. அப்பாவும் வந்தால் மிக நல்லது. என்ன செய்கிறோம், எத்தனை மணிக்கு முடியும், யார் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார், இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பெரும்பாலான பெற்றோர் சம்மதிக்கிறார்கள். மறுக்கிறவர்களில் பாதிப் பேர் மகள் முன்னேறக் கூடாது என்று மறுப்பதில்லை, சனிக்கிழமை காலையில் அவள் வெளியே போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். சின்னதுகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, ஓர் ஓரத்தில் வண்ணம் தீட்ட வைத்து, மைலோ கொடுத்தால் அந்தப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். செலவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

படிவம் 4 பிள்ளை ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். அம்மா பாலம் தாண்டிக் கம்பெனி பஸ்ஸில் இரவு ஷிஃப்ட் போகிறவர். காலையில் தம்பிகள் இரண்டு பேரை எழுப்பி, சாப்பாடு கட்டி அனுப்பி, தண்ணீர் பில், மின்சார பில்லைக் கைப்பேசியில் கட்டி, தம்பியின் வகுப்பாசிரியர் அழைத்தால் இவளே பேசி, பாட்டியின் கிளினிக் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருப்பாள். முதல் நாள் எல்லாரையும் போல அவளிடமும், நீ ஏதாவது பொறுப்பில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை அக்கா என்றாள், குரலே வரவில்லை. அவளுடைய வழிகாட்டி அக்கா ஒரு தாளை எடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து நீ செய்வதையெல்லாம் சொல்லு என்று எழுதிக்கொண்டே போனாள். பக்கம் நிறைந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் கணக்கில் வருமா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். வரும் என்று சொன்னோம், வெறும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, மறுமாதம் திட்டத்தின் வரவுசெலவுக் கணக்கு அவள் கைக்குத்தான் போனது. பள்ளியில் பெயர் தெரியாத இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். முதல்வரிடம் பெயர் கேட்டால் மதிப்பெண் வரிசையில் முதல் 15 பேரைத்தான் கொடுப்பார். பாதி இடம் அவருக்கு, மீதி பாதி நீங்களும் கவுன்சிலிங் ஆசிரியரும் தேர்ந்தெடுப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சந்திப்புகளில் என்ன செய்வது என்பது. பேச்சுப் பயிற்சி, இலக்கு எழுதுவது, சுயவிவரம் தயாரிப்பது எல்லாம் செய்யலாம், ஆனால் நடுவில் ஓர் உண்மையான வேலை இருந்தே ஆக வேண்டும், தோற்றுப்போகவும் வாய்ப்புள்ள வேலை. ஒரு பள்ளியில் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது பெண்கள் கழிவறை. இடைவேளையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய் எதில் தாழ்ப்பாள் இல்லை, எதில் குழாய் உடைந்திருக்கிறது, எதில் குப்பைத்தொட்டி இல்லை என்று எழுதினார்கள். மாதவிடாய் நாட்களில் பல பிள்ளைகள் அன்று முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவர்கள் வாயாலேயே வெளியே வந்தது. முதலில் எழுதிய கடிதம் முழுக்கக் குறை. அக்கா அதைக் கிழிக்கவில்லை, இதைப் படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இரண்டாம் கடிதத்தில் ஓர் அட்டவணை வந்தது, ஹார்ட்வேர் கடையில் தாழ்ப்பாள் என்ன விலை என்று விசாரித்து எழுதியிருந்தார்கள். மாணவர் நலத் துணை முதல்வரைப் பார்க்கப் போனபோது மலாயில் பேசியவள் மூன்று ஆண்டு வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. மாட்டின பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேட்டார். வாரம் ஒருமுறை நாங்களே பார்த்து எழுதித் தருகிறோம் சார் என்று சொல்லிவிட்டாள். தாழ்ப்பாள் வந்தது, தொட்டியும் வந்தது. அந்த வாரப் பார்வைக்கு மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள், அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் இது தமிழ்ப் பிள்ளைகளின் திட்டம் மட்டுமாக இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு வரக்கூடிய இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது: தமிழ் மாணவிகளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? என் கருத்து, தமிழில் தொடங்குங்கள், கதவைச் சாத்தாதீர்கள். வாய் திறக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு முதல் சில மாதம் தாய்மொழியில் தவறில்லாமல் பேசுகிற ஓர் இடம் வேண்டும். ஆனால் எஸ்.பி.எம். முடிந்து அவள் போகப்போகிற உலகத்தில் நேர்காணல் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். ஆகவே பாதி வழியிலேயே மலாய்க் கடிதம், ஆங்கில விளக்கவுரை என்று அவளைத் தள்ளிவிடத்தான் வேண்டும், பக்கத்தில் அக்கா நிற்கும்போதே.

பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் கதையும் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரைக்கும் போனபோது அவருக்கு வயது 16, உங்கள் படிவம் 4 பிள்ளைகளின் வயது. அதே படையில் துணைத் தளபதி நிலைக்கு உயர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் கோலாலம்பூரில் பிறந்தவர். அந்தப் படையில் இருந்தவர்களில் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் ஏராளம். போர் முடிந்து திரும்பிய ராசம்மா ஆசிரியரானார், 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் தொடங்கி, ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம் பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்ற நிலையை எதிர்த்துப் போராடினார், கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகவும் இருந்தார். துப்பாக்கி பிடித்ததைவிட இந்தச் சம்பளப் போராட்டத்தைத்தான் நான் நீளமாகச் சொல்வேன், ஏனென்றால் அதில் கூட்டம் கூட்டுவது, மனு எழுதுவது, மறுபடி மறுபடி போய்க் கதவைத் தட்டுவது எல்லாம் இருக்கிறது, அதுதான் இந்தப் பிள்ளைகள் நாளைக்குச் செய்யப்போவது. 2007 முதல் 2009 வரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைமை தாங்கிய அம்பிகா சீனிவாசனும் நம் நாட்டுப் பெண்கள் பள்ளியில் படித்து வந்தவர்தான். படிப்பில் நம் நாட்டுப் பெண்கள் பின்தங்கவில்லை, பொதுப் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஆனால் வேலைச் சந்தையைப் பார்த்தால் ஆண்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறார்கள், பெண்களில் 56 விழுக்காட்டை ஒட்டித்தான். நடுவில் எங்கேயோ நழுவிப்போகிறார்கள். உங்கள் 12 பேர் அந்த நழுவலில் சிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதானே நம் எல்லாருடைய ஆசையும்.

பள்ளிப் பக்கம் கவனிக்க வேண்டியவை சில. முதல்வர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள், வெளியார் பள்ளிக்குள் வருவதற்கு மாவட்டக் கல்வி இலாகாவிலும் முறைப்படி அனுமதி கேளுங்கள். ஒரே ஆசிரியரை நம்பி ஒரு பள்ளியை எடுக்காதீர்கள், அவருக்கு மாற்றல் வந்தால் திட்டமும் அன்றைக்கே போய்விடும், இரண்டு பேர் பொறுப்பேற்கத் தயாராக இல்லாத பள்ளிக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, முடிந்தால் இதைத் தமிழ் மொழிக் கழகம் மாதிரி ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஒரு கழகத்தின் நடவடிக்கையாகச் சேர்த்துவிடுங்கள். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடம். கழகத்தில் செயலாளர், பொருளாளர் என்று பதவியோடு பதிவானால் அந்தப் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும், நம்முடைய தனிச் சான்றிதழுக்கு அந்த மதிப்பு கிடையாது. இதைப் பெற்றோரிடம் சொன்னால் அவர்களுக்கும் உடனே புரிகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பெரியவரும், பெண்ணாகவே இருந்தாலும், ஒரு மாணவியோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடல் வேண்டாம், அக்காவும் மூன்று பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் இருக்கிற குழுவில்தான் பேச்சு. சிறார் பாலியல் குற்றப் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருக்கிறதா என்று சமூக நல இலாகாவிடம் விண்ணப்பித்துச் சரிபார்க்க 2019 முதல் வழி இருக்கிறது, புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அதைச் செய்யுங்கள், தெரிந்தவர் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் அடி, அதைவிட மோசமானது என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், 18 வயது அக்கா அதைத் தன் மனதுக்குள் வைத்துக்கொண்டு தவிக்கக் கூடாது. அன்றைக்கே கவுன்சிலிங் ஆசிரியரிடம் வர வேண்டும், அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான 15999 தாலியான் காசே எண் எல்லார் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். பினாங்கில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்றத்துக்கான மையம் இருக்கிறது, அக்காக்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் எப்படிக் கேட்பது, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரும்படி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது கொடையாளர். அவர் கெட்டவர் இல்லை, 300 என்பது அவருக்குத் தெரிந்த ஒரே அளவுகோல், அவ்வளவுதான். அவரிடம் வேறோர் அளவைக் கொடுங்கள். 300 பேருக்கு ஒரு நாள் செலவழிக்கும் பணத்தில் எத்தனை பேரை எவ்வளவு காலம் தாங்க முடியும் என்று கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். செலவு எதற்கு என்று கேட்பார். பெரும்பகுதி போக்குவரத்துக்கு, அப்புறம் சாப்பாடு, அக்காக்களுக்கு மாதம் ஒரு சின்ன உதவித்தொகை. இந்த உதவித்தொகையை விட்டுவிடாதீர்கள். மாலில் வேலை செய்தால் சம்பளம் கிடைக்கும், இங்கே வந்தால் பேருந்துக் காசும் கைவிட்டுப் போகும் என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் அக்காவாக வருவாள், நமக்கு வேண்டிய பிள்ளை வரமாட்டாள். பிள்ளைகள் கையிலும் ஒரு தொகை இருக்கட்டும், ஒரு குழுவுக்கு 200 ரிங்கிட், அவர்களே செலவு செய்து, அவர்களே ரசீது ஒட்டிக் கணக்குக் காட்டட்டும். ஆண்டு முடிவில் கொடையாளரைக் கூப்பிட்டு அந்தக் கணக்குப் புத்தகத்தை ஒரு மாணவியே அவருக்கு விளக்கட்டும், நீங்கள் பேச வேண்டாம். அதைப் பார்த்த பிறகும் எண்ணிக்கைதான் முக்கியம் என்று சொல்கிறவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

காத்திருக்கிற பள்ளிகளுக்கு முடியாது என்று சொல்லிவிட வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் உங்கள் சனிக்கிழமைச் சந்திப்புக்கு வந்து உட்காரட்டும், ஓராண்டு பார்க்கட்டும். தொடர்ந்து வருகிற பள்ளி எது, இரண்டு தடவையோடு நின்றுபோகிற பள்ளி எது என்று அதிலேயே தெரிந்துவிடும். யாரை முதலில் எடுப்பது என்று கேட்டால், திரும்பி வருகிற அக்காக்களின் வீடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிபோங் திபால் தூரம், பேருந்தும் குறைவு, அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உங்கள் முதல் அணியில் இரண்டு பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் அதையே இரண்டாம் பள்ளியாக எடுங்கள், பெருநிலத்தின் தென்கோடியில் இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் டவுனில் நடக்கிற எதுவும் போய்ச் சேர்வதில்லை. எஸ்.பி.எம். கடைசித் தாள் முடிவதற்கு முன்பே 12 பேரின் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை பேசி வைத்துவிடுங்கள், விடுமுறை வேலைக்கு அவர்கள் வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு கேட்டால் கஷ்டம்.